மடன் என்னும் மெய்ப்பாடும் கிரேசி மோகனும்

கிரேசி மோகன் 2019 ஜூன் 10 அன்று காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் பெரும்பாலானவை இரண்டு செய்திகளைச் சொல்லின. அவர் நல்ல மனிதர். இரட்டை அர்த்தம் கலவாமல் சிரிக்க வைத்தவர். இரண்டும் உண்மையே. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிய ஒருவரைப் பற்றி இவ்வளவுதானா என்ற மனக்குறை நமக்கு அன்றே உண்டாயிற்று. அவர் எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நகைச்சுவை எழுத்தாளனுக்கு நம் மொழியில் கிடைக்கும் சான்றிதழ் பெரும்பாலும் நன்னடத்தைச் சான்றிதழாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது துறையின் பாடத்திட்டக் கூட்டத்தில், விருப்பப் பாடமான ‘நாடகத் தமிழ்’ பகுதியில் மோகனின் நாடகம் ஒன்றைச் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தோம். மூத்த பேராசிரியர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அது சபா சமாசாரம் ஐயா, இலக்கியத்தில் வராது” என்றார். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ ஏற்கெனவே பட்டியலில் இருந்தது. அதுவும் சபா மேடைகளில் ஏறிய நாடகந்தானே என்று நாம் கேட்டதற்கு விடை வரவில்லை; தேநீர் வந்தது.

அன்று சொல்ல நேரமில்லாது போனதை இங்கே சொல்லலாம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைக்கிறார். அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறார். எள்ளல் எல்லோருக்கும் தெரிந்தது. 1968இல் மேடையேறிய சோவின் ‘முகமது பின் துக்ளக்’ அந்த வகைக்குக் கொடிகட்டிய சான்று. மடன் அவ்வளவு எளிதில் பிடிபடுவதன்று. கேட்டதை ஆராயாமல் அப்படியே மெய்யென்று கொள்ளுதல் என்று உரைகாரர் விளக்குவர். இந்த ஒரு வரி விளக்கத்தை மூலதனமாக வைத்துத் தொழில் நடத்தியவர் மோகன் என்பது நம் கருத்து.

அவர் வசனத்தின் இயக்கத்தைக் காட்ட நாமே கட்டிய எளிய உதாரணம் ஒன்று. “கால் மணி நேரம் நில்” என்கிறான் ஒருவன். “எந்தக் காலில்?” என்று மற்றவன் கேட்கிறான். இவ்வளவோடு நின்றால் அது துணுக்கு. மோகனிடம் அது நிற்காது. கேட்டவன் ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்குவான். உள்ளே வரும் மாமனார் அதை வேண்டுதல் என்று நம்புவார். அந்த நம்பிக்கையின் பேரில் ஒரு கல்யாணம் நிச்சயமாகும். சொல் புரண்டதால் கதையே புரண்டுவிடும். காளமேகத்தின் சிலேடையில் ஒரு சொற்றொடரின் இரு பொருளும் ஒரே வாயில் இருக்கின்றன. மோகனிடம் அவை இரண்டு பேரின் காதுகளில் பிரிந்து நிற்கின்றன. ஆகவே அது பாட்டாகாமல் நாடகமாகிறது.

1972இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோது, கல்லூரிகளுக்கிடையிலான போட்டி ஒன்றுக்காக வங்கிக் கொள்ளையைப் பற்றி அவர் எழுதிய சிறு நாடகத்துக்குப் பரிசு வழங்கியவர் கமல்ஹாசன். பின்னர் சுந்தரம் கிளேட்டனில் வேலை. 1976இல் எஸ்.வி.சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவருக்கு அடைமொழியைக் கொடுத்தது. 1979இல் தம்பி மாது பாலாஜியுடனும் நண்பர்களுடனும் ‘கிரேசி கிரியேஷன்ஸ்’ என்ற சொந்தக் குழு. எழுதுவதோடு குழுவைக் கட்டிக்காக்கும் பொறுப்பும் அன்றுமுதல் சேர்ந்துகொண்டது. அலுவலகம் போய் வருபவர்கள் மாலையில் ஒத்திகை பார்த்து, வார இறுதியில் தியாகராய நகர் வாணி மகாலிலோ ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவிலோ மேடையேறும் வாழ்க்கை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோதும் நடித்தவர்கள் பகலில் வேறு உத்தியோகம் பார்த்தவர்களே. (2002இல் ‘பம்மல் கே. சம்பந்தம்’ என்ற படத்துக்கு மோகன் வசனம் எழுதினார். அப்பெயரைக் கேட்டு நாடகத் தந்தையை நினைத்தவர்கள் எத்தனை பேரோ!)

அமெரிக்காவில் 1989 டிசம்பரில் ‘சிம்ப்சன்ஸ்’ என்ற கார்ட்டூன் தொடர் தொடங்கியது. அங்கே எழுத்தாளர்கள் ஓர் அறையில் கூடி அமர்ந்து, ஒவ்வொரு வரியையும் சிரிப்பு வரும்வரை அடித்துத் திருத்துவார்கள். அந்த அறையில் நீண்ட காலம் உழைத்தவர்களின் பெயர்கள்கூடப் பார்வையாளருக்குத் தெரியாது. மோகனுக்கு அப்படியோர் அறை கிடைக்கவில்லை. சபாவின் முன்வரிசைதான் அவருக்கு அறை. நூற்றுக்கணக்கான முறை மேடையேறும் நாடகத்தில் எந்த வரிக்குச் சிரிப்பு எழவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். தொலைக்காட்சியில் இந்த வசதி கிடையாது. ஜெயா டிவியில் வந்த ‘விடாது சிரிப்பு’ முதலிய தொடர்கள் மேடை நாடகங்களுக்குச் சற்றுக் கீழேயே நிற்பதாக நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

திரைப்படத்தில் அவருக்கு வாய்த்தது வேறொன்று: வட்டார வழக்கு. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரர் இருக்கிறார். பாலு மகேந்திரா இயக்கிய ‘சதி லீலாவதி’யில் (1995) கோவைத் தமிழ், ‘தெனாலி’யில் (2000) ஈழத் தமிழ், ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ஸில் (2004) சென்னைத் தமிழ். மயிலாப்பூர்ப் பேச்சு மட்டுமே அறிந்தவர் என்று அவரை ஒதுக்குவோர் இவற்றை மறந்துவிடுகிறார்கள். கமலின் காதும் நடிகர்களின் நாக்கும் இவ்வெற்றியில் பங்குடையவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘முன்னாபாய்’ படத்தின் மந்திரத் தழுவல் தமிழில் ‘கட்டிப்புடி வைத்திய’மாக மாறியதைக் கவனியுங்கள். மந்திரம் போய் மருத்துவம் வந்துவிட்டது; பாட்டி வைத்தியம், கை வைத்தியம் என்ற நம் வழக்குக்குள் அது இயல்பாகப் போய் உட்கார்ந்துகொண்டது. மொழிபெயர்ப்பு வகுப்பில் இதைவிட நல்ல பாடம் நடத்த நம்மால் முடிந்ததில்லை.

குறைகள் இல்லாமலில்லை. மாது, சீனு, ஜானகி என்ற பெயர்கள் நாடகத்துக்கு நாடகம் திரும்ப வருகின்றன. (ஜானகி, அவரைச் சிறுவயதில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயர்.) பெயரோடு குணமும் மாறாமலே வருகிறது. மனைவியரைப் பற்றிய கேலி சில இடங்களில் அலுக்கிறது. பத்து நிமிடம் மூச்சுவிடாமல் சொல்விளையாட்டு நடந்தபின் கதை எங்கே நின்றது என்று தேட வேண்டியிருக்கிறது. எள்ளலை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். அதனால் யாரையும் புண்படுத்தவில்லை. அதனாலேயே எந்த அதிகாரத்தையும் அசைக்கவுமில்லை. இவற்றை மாணவர்முன் மறைக்க வேண்டியதில்லை. பாடமாக வைப்பது பூசை செய்வதற்கன்று.

அவர் வெண்பாவும் எழுதினார். ஓவியர் கேசவ் வரைந்த கண்ணன் படங்களுக்கு அவர் எழுதிய வெண்பாக்கள் பல. தளை தட்டாமல் எழுதப் பழகிய காதுதான் ஒரு சொல் எந்த அசையில் உடைந்தால் வேறு சொல்லாகும் என்பதையும் அறியும். யாப்பிலக்கணத்தைக் கண்டு நடுங்கும் நமது முதலாண்டு மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, முதல்முறையாகச் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சென்ற பருவத்தில், பாடத்திட்டத்துக்கு வெளியே, ஒரு பயிற்சி கொடுத்தோம். சாம்பாரில் மீன் விழும் காட்சியைப் பார்த்து, வசனத்தைக் கேட்டு எழுதி, யார் எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி அதை முடித்துவிட்டு, தானாகவே ‘சதி லீலாவதி’யிலும் ஒரு காட்சியை எழுதி எடுத்து வந்தாள். எந்த இடங்களில் அது தன் ஊர்ப் பேச்சு, எந்த இடங்களில் சென்னைக்காரர் எழுதிய கோவைப் பேச்சு என்று இரண்டு மைகளில் கோடிட்டிருந்தாள். அந்தத் தாள்களை முன்மொழிவோடு இணைத்து மறுபடி துறைக்கு அனுப்பியிருக்கிறோம். கூட்டம் ஜூலையில்.