நெல்லுச்சோறும் கம்பஞ்சோறும்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை யாரேனும் எழுத முற்படுவாராயின், அதன் முதல் இயலை அடுக்களையிலிருந்து தொடங்குவதே முறையாகும். அலுவலகம் சென்றவர்கள் இந்தியைக் கற்றுக்கொண்டு ஊரோடு ஒத்துப்போயினர். அடுப்பின்முன் நின்றவர்களுக்கோ அரிசியும் உளுந்தும் தண்ணீரும் தட்பவெப்பமும் நாள்தோறும் புதுப்பாடம் கற்பித்தன. புழுங்கலரிசி கிட்டாத காலத்தில் சேலா அரிசியை ஊறவைத்து இட்லிக்கு அரைத்தவர்கள் எத்தனை பேர்! 1951 இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நூலைத் திருமணச் சீரோடு சேர்த்து இரயிலேற்றிக் கொணர்ந்தவர்கள் எத்தனை பேர்! நூல் அளவு சொல்லிற்று, பதம் சொல்லிற்று. சனவரி மாதத்துத் தில்லிக் குளிரில் மாவு எப்போது பொங்கும் என்பதை எந்த நூல்தான் சொல்ல இயலும்?

மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடு வருபவை. 25 முதல் 30 பாகை வெப்பம் இருப்பின் அவை சுறுசுறுப்பாகத் தொழில் புரியும். சென்னையில் மாலையில் அரைத்த மாவு விடியலில் பானை விளிம்பைத் தொடுவது அதனால்தான். இங்கோ இரவில் 6, 7 பாகைக்குக் குளிர் இறங்கும்போது, உயிர்கள் உறங்கிவிடுகின்றன, மாவும் உறங்கிவிடுகிறது. ஆகவே வெந்நீர் சேர்த்து அரைப்பதும், வெந்தயத்தைக் கூட்டுவதும், பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றிக் கோதுமை மாவு டப்பாவுக்குள் இறக்கிவைப்பதும் நம்மவர் கண்ட உத்திகள். எங்கள் பழைய குடியிருப்பில் ஓர் அம்மையார் மாவுப் பாத்திரத்தைக் குழந்தையைப் போல் தம் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு உறங்குவார். இத்தனை செய்தும் இருபது மணி நேரம் காத்திருந்த நாட்களே மிகுதி.

இவையெல்லாம் ஊர்ச் சுவையை இழக்காதிருப்பதற்காகச் செய்த சோதனைகள். கடந்த மூன்றாண்டுகளாக எங்கள் அடுக்களையில் நடப்பது வேறு வகைச் சோதனை. நாங்கள் என்பது இங்கே தாயும் மகளுமாகிய இருவர். 2022 இல் எங்கள் இல்லத் தலைவருக்கு நீரிழிவு நோய் இருப்பது ஒரு குருதிச் சோதனையில் தற்செயலாகத் தெரியவந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு 8.1 என்றிருந்தது. 6.5 ஐத் தொட்டாலே நோய் என்பது மருத்துவக் கணக்கு. அவருடைய தந்தையாரையும் இதே நோய்தான் சிறுநீரகத்தில் தாக்கி, அறுபத்திரண்டு வயதில் கொண்டுபோயிற்று. எனவே அந்த எண்ணைக் கண்டபோது வீட்டில் எவரும் பேசவில்லை.

தனியொரு வீட்டின் துயரமன்று இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023 இல் வெளிவந்த பேராய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்று மதிப்பிட்டது. இம்மலரைப் புரட்டும் குடும்பங்களில் மாத்திரைப் பெட்டி இல்லாத குடும்பம் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். மருத்துவர் சொன்னவை மூன்றே: மாத்திரையைத் தவறவிடாதீர், நாள்தோறும் நடப்பீர், சோற்றைப் பாதியாக்குவீர். முதலிரண்டுக்கும் எவரும் மறுப்புச் சொல்லவில்லை. மூன்றாவதுதான் எங்கள் வீட்டை இரண்டாக்கியது. காலையில் இட்லி, நண்பகலில் சாம்பார் சோறு, இரவில் மோர்ச்சோறு என்று மூன்று பெயரில் உண்பது அரிசி ஒன்றையே அன்றோ?

ஐக்கிய நாடுகள் அவை இந்தியாவின் முன்மொழிவை ஏற்று 2023 ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்திருந்த வேளை அது. கடைகளில் வண்ண உறைகளில் கம்பும் தினையும் வீற்றிருந்தன. எம் பாட்டனார் ஆட்டுத் தொழுவத்தின் அருகே குதிரில் கொட்டி வைத்திருந்த தானியம், குளிரூட்டப்பட்ட அங்காடியில் அரிசியைவிடக் கூடிய விலைக்கு விற்கக் கண்டு வியந்தோம். ஆனால் அங்காடிக்குப் போகவேண்டியதில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். மாவு அரைக்கும் சக்கிக்காரர் பாஜ்ரா என்று தருவது கம்பு. ஜ்வார் என்பது சோளம். உத்தராகண்டத்து மலைவாசிகள் மண்டுவா என்று உண்பது நம் கேழ்வரகு. அவர்கள் ஜங்கோரா என்று பாயசம் வைப்பது நம் குதிரைவாலி. நவராத்திரி நோன்புக்கு வடநாட்டுப் பெண்கள் வாங்கும் 'சாமா அரிசி'யும் குதிரைவாலிதான். பெயர் ஒலியால் அது நம் சாமையை ஒத்திருப்பினும் இனம் வேறு. சங்கப் புலவர் பாடிய தினையும் வரகும் கங்னி, கோதோ என்ற பெயர்களில் பழைய தில்லி மளிகைக் கடைகளில் நம்மை எதிர்பார்த்திருந்தன.

சோதனைகள் தொடங்கின. குதிரைவாலி வெண்பொங்கல் முதல் நாளே வெற்றி கண்டது. மிளகும் இஞ்சியும் எதையும் தாங்கிச் செல்லும் போலும். வரகுத் தயிர்ச்சோறு ஒரு மணி நேரத்தில் இறுகிக் கட்டியாயிற்று. பால் மிகுதியாக விட்டுப் பிசைந்தால் நெகிழ்கிறது. சோள இட்லி மென்மையாக வந்தது. கம்புத் தோசை மட்டும் கசந்தது. கம்பில் கொழுப்புச் சத்து மிகுதியாதலால் அரைத்த மாவு சில நாட்களிலேயே சிக்கு வாடை கொள்ளும். உறையில் அடைபட்டு மாதக்கணக்கில் கிடந்த மாவு கசவாது என் செய்யும்? முழுத் தானியமாக வாங்கி வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதே தக்கது.

சிறுதானியம் என்றால் மருந்து என்றொரு நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. அதை நாங்கள் அப்படியே ஏற்பதற்கில்லை. அரிசியாயினும் கம்பாயினும் சோளமாயினும் 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரிதான். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிக மிக அதிகம். 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. எனினும் அதை நைய அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விரைந்தே ஏறுகிறது. உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் குத்தி, வீட்டுக் கருவியில் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். இரண்டு கரண்டிச் சோற்றுக்கு 210 வரை சென்ற அளவு, கேழ்வரகுக் கூழுக்கு 190 இல் நின்றது. குறுணையாக உடைத்த கம்புச் சோற்றைக் கீரையோடும் பருப்போடும் உண்ட நாளில் 158. ஓர் உடலின் கணக்கு இது; மற்றவர்க்கு வேறாகலாம். தானியத்தின் பெயரைவிட அதன் அளவும், உடைத்த பக்குவமும், உடன் உண்ணும் காயும் முதன்மையானவை என்பது எங்கள் குறிப்பேடு காட்டிய உண்மை.

இந்தக் குறிப்பேட்டை ஏறெடுத்தும் பாராதவர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுப் பெரியவர். இல்லத் தலைவரின் அன்னை. ஆச்சி என்றே அனைவரும் அழைப்போம். கோவில்பட்டியை அடுத்த கரிசல் சிற்றூரில் 1943 இல் பிறந்தவர். அவர் சிறுமியாயிருந்த நாளில் அவ்வூரில் கம்பும் சோளமும் குதிரைவாலியுமே உணவு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும். நல்ல விருந்தாளி வந்தாலும் வரும். 1964 இல் மணமாகி, கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் ஏறித் தில்லிக்கு வந்து, கரோல் பாகில் ஒற்றை அறையில் குடியேறினார். மறு ஆண்டே உணவுப் பஞ்சம். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். ஆச்சியும் திங்கட்கிழமை இரவுகளில் அடுப்பு மூட்டவில்லை. மற்ற நாட்களில், கூட்டுறவுக் கடையில் வரிசையில் நின்று பெற்ற அரிசியைக் கணவருக்கும் மகனுக்கும் வடித்துப் போட்டதே அவர் வாழ்வின் பெருமை. வெள்ளைச் சோறு அவருக்கு உணவு மாத்திரமன்று. ஊரை விட்டு வந்ததற்குக் கிடைத்த ஊதியம்.

அத்தகையவரின் மகன் தட்டில் நாங்கள் கம்பஞ்சோற்றை வைத்தோம். ஆச்சி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எய்யா, இதைத் திங்கவா ஒங்க அய்யா டில்லிக்கு வந்தாரு? நெல்லுச்சோறு திங்கத்தானப்பா வந்தாரு!"

மருத்துவ விளக்கம் எதுவும் அந்தச் சொல்லின்முன் நிற்கவில்லை. சில மாதங்கள் இரண்டு உலைகள் கொதித்தன. நாங்கள் ஒன்றில் வரகு வேகவைக்க, ஆச்சி மற்றொன்றில் அரிசி வடிப்பார். மகன் இரு பெண்டிர்க்கிடையே மாட்டிக்கொண்ட மனிதராக இரண்டிலும் சிறிது உண்டார். குறிப்பேட்டின் எண்கள் கீழிறங்க மறுத்தன. எண்களைக் கண்டு வெகுண்ட அவர், யாரிடமும் சொல்லாமல் ஓர் இரவு உணவை அறவே விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கிப் படுத்துக்கொண்டார்.

நள்ளிரவில் உடல் நடுங்க, வியர்வை ஆறாகப் பெருக எழுந்து உட்கார்ந்தார். பேச்சுக் குழறிற்று. கருவி 58 என்று காட்டியது. சர்க்கரை மிகுவதைப் போலவே குறைவதும் ஆபத்து என்று படித்திருந்தோம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தோம். ஆச்சி மகனின் தலையை மார்பில் சாய்த்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் அளவு ஏறியது. பத்து வயதுப் பையனைப் போல அவர் தாயின் மடியில் கிடந்தார். மறுநாள் மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றியமைத்து, எந்த வேளை உணவையும் தவிர்க்கலாகாது என்று கண்டித்து அனுப்பினார்.

அன்று மாலை ஆச்சி பரண்மேலிருந்த சுளகை இறக்கச் சொன்னார். ஊரிலிருந்து கொணர்ந்து அறுபதாண்டுகளாக அவரோடு வீடு மாறிய பனையோலைச் சுளகு அது.

"கம்பை நீங்க சமைக்கிறது சமையலா தாயி? உமி போகாம வச்சா தொண்டையில குத்தாதா? தவிடு போகக் குத்தணும். கொண்டா இங்க."

பிறகு நடந்ததை எந்தச் சமையல் நூலிலும் நாங்கள் படித்ததில்லை. கம்பின்மேல் நீர் தெளித்துப் பிசிறிச் சற்றே ஊறவிட்டார். உரல் இல்லாத குறைக்கு மின்னரவையை ஒரு நொடி ஓட்டி, ஒரு நொடி நிறுத்தச் செய்தார். உமி கழன்றதும் சுளகில் இட்டுப் புடைத்தார்; எண்பது வயதுக் கை தாளம் தவறாமல் ஆடிற்று, உமி பால்கனி எங்கும் பறந்து கீழ்வீட்டாரின் துணிகளில் படிந்தது. மீண்டும் உடைத்துச் சலித்து, குறுணையை வேறாகவும் மாவை வேறாகவும் பிரித்தார். கொதிக்கும் உலையில் முதலில் குறுணை. அது வெந்து மலர்ந்தபின் மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிண்டல். சூடு ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தார். விடிந்ததும் ஓர் உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளக் கொடுத்தார். நாங்கள் உறைமாவில் கண்ட கசப்பின் சாயல் கூட அதில் இல்லை.

அதன்பின் அடுக்களை ஒன்றாயிற்று. குளிர்காலத்தில் மலிவாகக் குவியும் பதுவாக் கீரையைப் பூண்டோடு மசிப்பதும், கடுகுக் கீரையைப் பாசிப்பருப்பிட்டுக் கடைவதும், டிண்டாக் காயைத் தேங்காய் தூவிப் பொரியலாக்குவதும் வழக்கமாயின. தட்டில் பாதி காய் என்ற கணக்கை ஆச்சி ஏற்றுக்கொண்டார், "கல்யாண வீட்டு இலை மாதிரி இருக்கு" என்ற ஒரு குறையோடு. மூன்று மாதச் சராசரி 7.2 ஆயிற்று, பிறகு 6.8. மாத்திரையும் நடையும் அதில் பாதிப் பங்கு பெறும் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் ஆச்சி தாம் கம்பஞ்சோறு உண்பதில்லை. "நான் தின்னு முடிச்சிட்டேன் அதை" என்பார். தமக்கென்று தினமும் ஒரு பிடி அரிசி உலையிலிடச் சொல்லி, வெள்ளைச் சோற்றில் நெய் விட்டு, மகனுக்கு எதிரே அமர்ந்து உண்பார். உண்டு முடிக்கும் தறுவாயில் ஒரு கவளம் அவர் தட்டிலிருந்து மகன் தட்டுக்குத் தாவும். அந்நேரம் பார்த்து எங்களுக்கு அடுப்படியில் ஏதேனும் வேலை வந்துவிடுகிறது.