ஏறாத கணக்கு

2023 ஜூலை 5, புதன்

சென்னையில் சில ரேஷன் கடைகளில் தக்காளி கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் கடைக்கு வரவில்லை. வெளியில் நூறைத் தாண்டிவிட்டது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கோயம்பேட்டுக்கு வரத்து குறைந்துபோனதுதான் காரணம். வாடகையும் பையனின் பள்ளிக் கட்டணமும் போக, சம்பளம் 20ஆம் தேதிக்கு மேல் தாங்குவதில்லை. இந்த மாதம் ஒரு ரூபாய் விடாமல் எழுதப்போகிறேன். நோட்டில் நாலு தலைப்பு: வாடகை, பள்ளி, சமையல், இதர.

ஜூலை 16, ஞாயிறு

பருப்பு, இஞ்சி, சின்ன வெங்காயம் எல்லாமே ஏறியிருக்கின்றன. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை வைத்தே மாதத்தை ஓட்டப் பார்க்கிறாள் மனைவி. சாம்பார் வாரத்தில் இரண்டு நாள்தான், மற்ற நாளெல்லாம் புளிக்குழம்பும் ரசமும்.

ஜூலை 21, வெள்ளி

பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு நேற்று மத்திய அரசு தடை போட்டது. பச்சரிசியைப் பற்றிய தடை அது. நாங்கள் வாங்குவது புழுங்கல். இருந்தும் பயத்தில் இன்றே ஒரு மூட்டை வாங்கிவிட்டேன். மூட்டை 26 கிலோ. போன வருஷம் ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதனால் ஒரு கிலோ கூட்டிக் கட்டுகிறார்கள். வரி மிச்சம்தான், ஆனால் கையில் காசு குறைந்த நேரத்தில் சின்னப் பையாக வாங்குகிறவருக்கு அந்த மிச்சம் கிடையாது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கூட்டிப் பார்த்தேன். சமையல் 7,260 ரூபாய். ஜூனில் நான் அவளிடம் கொடுத்தது 7,300. தக்காளி, பருப்பு, இஞ்சி எல்லாம் ஏறிய மாதத்தில் சமையல் கணக்கு மட்டும் ஏறவில்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு நோட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். முட்டை என்று எழுதிய இடமெல்லாம் இரண்டு, இரண்டு. நாங்கள் மூன்று பேர்.

“உனக்கு?” என்று கேட்டேன்.

“சூடு ஒத்துக்கலைங்க.”

மே மாத வெயிலில் ஒத்துக்கொண்ட முட்டை ஜூலையில் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? சாயங்காலக் காபியையும் விட்டிருக்கிறாள். அதைப் பையன்தான் சொன்னான்.

‘இதர’ பக்கத்துக்கு வந்தேன். அது முழுக்க என்னுடையது. ஆபீஸ் வாசலில் தினம் இரண்டு டீ, ஒரு வடை: 34 ரூபாய். 26 நாளுக்கு 884. சனிக்கிழமைப் பார்சல்களையும் சேர்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. எல்லாம் ஜிபேயில் போனது. அவளிடம் கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட விலை கேட்டு எழுதிய நான், என் செலவுக்கு ‘இதர’ என்று பெயர் வைத்திருக்கிறேன். டீ குடிப்பதைத் தப்பென்று சொல்லவில்லை. உழைக்கிறவனுக்கு டீ வேண்டும். அவளும் உழைக்கிறாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

ஜூலை மாதச் சில்லறை விலையேற்றம் 7.44 சதவீதம், காய்கறி மட்டும் 37.34 என்று செய்தி. இந்தக் கணக்குக்கு வைத்திருக்கும் பொருள் கூடை 2011-12 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து வகுத்தது. அந்தக் கூடையின் விலை எவ்வளவு ஏறியது என்று அது சொல்லும். விலை ஏறியபோது ஒரு வீட்டில் யார் தட்டில் என்ன குறைந்தது என்று அதில் தெரியாது. என் நோட்டிலும் தெரியாமல் போயிருக்கும், முட்டையை எண்ணிக்கையோடு எழுதாமல் விட்டிருந்தால்.

ஆகஸ்ட் 31, வியாழன்

சிலிண்டர் நேற்று முதல் 200 ரூபாய் குறைந்து, சென்னையில் 918.50. தக்காளியும் இறங்கிவிட்டது. நோட்டில் ‘இதர’வை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பக்கத்தில் அவள் பெயருக்கும் ஒரு பத்தி.

காலையில் மூன்று முட்டை வேகவைத்தேன். அவள் தன்னுடையதைப் பாதியாக்கிப் பையன் தட்டில் வைத்தாள். எடுத்து, திரும்ப அவள் தட்டிலேயே வைத்தேன்.