உப்புக்காற்றும் என் ஆம்ப்ளிஃபயரும்

நோணாங்குப்பத்தில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி மின்வெட்டு இல்லை, உப்புக்காற்று. சுண்ணாம்பாறு கடலில் சேரும் இடம் பக்கத்திலேயே. சைக்கிள் செயினே நாலு மழைக்குத் தாங்காது.

போன வாரம் என் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் படுத்துவிட்டது. 300 வாட் தருவது 80-ஐத் தாண்டவில்லை. "வால்வு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார் நண்பர். (அவருக்கென்ன, பர்ஸ் என்னுடையது.) ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டினேன். முள் எகிறி 300-இல் நின்றது! வால்வு நிரபராதி; கோளாறு ஆன்டெனா பக்கம்.

மொட்டைமாடியில் கேபிள் முனையைப் பிரித்தால், செம்புப் பின்னல் பச்சைப்பசேலென்று களிம்பேறிக் கிடக்கிறது. இப்படிக் கெட்ட இணைப்பால் எஸ்.டபிள்யூ.ஆர். (நிலை அலை விகிதம்) 3 காட்டினால் அனுப்பும் சக்தியில் கால்வாசி திரும்பி வருகிறது என்று கணக்கு. கெட்டுப்போன முனையை வெட்டி எறிந்து, புது கனெக்டர் பற்றவைத்து, ரப்பர் டேப் சுற்றினேன். ஒரு பிரியாணிச் செலவு.

2004 சுனாமியில் தொலைபேசி செத்துக்கிடந்த போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் ஹாம் ரேடியோவில்தான் செய்தி அனுப்பினார். அதை நினைத்தாவது மழைக்காலத்துக்கு முன்னே எல்லா இணைப்பையும் பிரித்துப் பார்த்திருக்கணும். சோம்பேறித்தனம்.

ஆம்ப்ளிஃபயர் மூடியைத் திறக்கப்போகும் நண்பர்களே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கலாம். அது வடிந்ததை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.