பங்காரத்தில் ஐந்து நாள்

"ஃபாதர், உங்களுக்கு மருந்தைவிட ஓய்வுதான் தேவை" என்று மருத்துவர் கூறியபோது நான் சிரித்துவிட்டேன். திருவிழாக் கணக்கு, பள்ளிக்கூடக் கட்டட வேலை, நள்ளிரவில் கதவைத் தட்டும் அழைப்பு என ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இரவில் உறக்கம் போயிற்று. பகலில் சிறு சொல்லுக்கும் சினம் எழுந்தது. ஒருநாள் காலைப் பூசை முடிந்து, சான்றிதழ் ஒன்றுக்காக மூன்றாம் முறையாக வந்து நின்ற மூதாட்டி ஒருவரிடம் கடிந்து பேசினேன். அவர் மறுமொழி ஏதும் கூறாது தலைகுனிந்து சென்றார். அந்தக் குனிந்த தலை என் நெஞ்சைச் சுட்டது. மருத்துவர் சொன்னது உண்மை என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இது சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கொச்சியில் பணிபுரியும் என் தமக்கை மகன், "மாமா, லட்சத்தீவில் பங்காரம் என்றொரு தீவு இருக்கிறது. ஐந்து நாள் இருந்துவிட்டு வாருங்கள், செலவு என் பொறுப்பு" என்றான். ஏழை மக்களின் பங்கிலிருந்து செல்பவன் விடுமுறைத் தீவில் தங்குவது தகுமா எனத் தயங்கினேன். "களைத்துப்போன சீடர்களைத் தனிமைக்கு அழைத்துச் சென்றவர் நம் ஆண்டவரே அன்றோ!" என்று குருமடத் தோழர் ஒருவர் என் தயக்கத்தைப் போக்கினார். வெளியார் அத்தீவுகளில் கால்வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டேன்.

லட்சத்தீவுக் கூட்டத்தில் 36 தீவுகள் என்பது ஏட்டுக் கணக்கு. அனைத்தையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். 1956-ல் யூனியன் பிரதேசமாக அமைக்கப்பட்ட இக்கூட்டம், 1973-ல்தான் லட்சத்தீவு என்னும் பெயரைப் பெற்றது. கொச்சியிலிருந்து சிறிய விமானம் ஒன்று என்னை அகத்தித் தீவுக்குக் கொண்டு சேர்த்தது. மேலிருந்து பார்த்தபோது, நீலக் கடலில் யாரோ தவறவிட்ட தென்னங்கீற்றுப் போல அத்தீவு கிடந்தது. அதன் ஒரு முனையில் சுமார் 1,200 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை. "இதிலா இறங்கப் போகிறோம்!" என்று அருகிலிருந்தவர் கண்களை மூடிக்கொண்டார். அங்கிருந்து படகில் பங்காரம் சென்றேன்.

பங்காரம் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புள்ள தீவு. தென்னைகளும், தாழையும், நடுவே உவர்நீர்க் குளம் ஒன்றும், சுற்றிலும் மாவைப் போன்ற வெண்மணலும் இருந்தன. சங்கைச் சுமந்து ஊரும் துறவி நண்டுகள் எங்கு நோக்கினும் காணப்பட்டன. வீட்டைத் தோளில் சுமக்கும் துறவியைக் கண்டு, பங்குக் கணக்கைத் தலையில் சுமந்து வந்த நான் நகைத்துக்கொண்டேன். என் குடிலின் வாசலிலிருந்து இருபது அடி நடந்தால் கடல். கைப்பேசியை அணைத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஆயினும் முதல் இரண்டு நாள் ஓய்வு வாய்க்கவில்லை. கடற்கரையில் அமர்ந்தால் கட்டட வேலை நினைவுக்கு வந்தது. கண்ணை மூடினால் அந்த மூதாட்டி தோன்றினார். தீவைச் சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். என் எண்ணங்களும் அவ்வாறே சுற்றிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள், அகத்தியைச் சேர்ந்த முதிய படகோட்டி ஒருவர் தம் படகில் என்னை அழைத்துச் சென்றார். நான் அவரை நம் காயல்பட்டினத்து வழக்கப்படி 'காக்கா' என்றழைக்க, அவர் என்னை 'அச்சன்' என்றார். எனக்குத் தெரிந்த மலையாளமும் அவருடைய தீவு மொழியும் ஒருவாறு கைகோத்துக்கொண்டன.

பங்காரத்தையும், எதிரே தெரியும் தின்னகரையையும், பரளி என்னும் சிறு திட்டுகளையும் ஒரே காயல் தழுவி நிற்கிறது. அதைச் சுற்றி வேலி போலப் பவளத்திட்டு. கடலுக்குள் அமிழ்ந்துபோகும் எரிமலையின் விளிம்பில் பவள உயிர்கள் மேல்நோக்கி வளர்ந்து இத்தகைய வளையங்களை அமைக்கின்றன என்று டார்வின் 1842-ல் எழுதினார். மலை மறைந்தது, சிற்றுயிர்கள் கட்டிய மதில் நிற்கிறது. வெளிக்கடலின் பேரலைகள் அம்மதிலில் மோதி உடைவதால்தான் உள்ளே நீர் குளம்போல் அமைதியாக இருக்கிறது.

படகோரத்தில் குனிந்து பார்த்தேன். சில இடங்களில் பவளம் பழுப்பும் ஊதாவுமாகச் செழித்திருந்தது. பல இடங்களில் உடைந்த எலும்புக் குவியலாகக் கிடந்தது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் வெளியேறிவிடுகின்றன. பவளம் வெளுத்து, வெப்பம் நீடித்தால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தீவுகள் அந்தத் துயரைக் கண்டன. 2024-லும் அது மீண்டும் நேர்ந்தது.

"அச்சன், சூரை பிடிக்க நாங்கள் வலை வீசுவதில்லை. இந்தப் பவளத்துக்குள் ஒளியும் சிறுமீனை உயிரோடு பிடித்து நடுக்கடலில் தூவுவோம். அதைத் தின்ன வரும் சூரையைத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குவோம். பவளம் செத்தால் சிறுமீன் இல்லை, சிறுமீன் இல்லையேல் சூரை இல்லை, சூரை இல்லையேல் நாங்கள் இல்லை" என்றார் காக்கா. நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசி, இந்தச் சூரையை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியதே.

பின்னர் அவர் வெறும் நீர்ப்பரப்பைச் சுட்டிக்காட்டினார். "அங்கே ஒரு தீவு இருந்தது. சிறுவனாக இருந்தபோது அதில் இறங்கி நடந்திருக்கிறேன்." அதுதான் முதலாம் பரளி. 1968-ல் ஏறத்தாழ 8 ஏக்கர் பரப்புடையதாக இருந்த அத்தீவு முற்றிலும் கரைந்துபோயிற்று என்று 2017-ல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. நான் தங்கியிருந்த பங்காரமும் அக்காலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறதாம். 36 என்னும் கணக்கு ஏட்டில் மட்டும் நிற்பதன் காரணம் அப்போது விளங்கிற்று.

மாலையில் கிணற்றடியில் நின்று நீர் இறைத்தேன். வாளியை நிரப்ப முனைந்தபோது காக்கா கையமர்த்தினார். இத்தீவுகளில் பெய்யும் மழை மணலில் இறங்கி, கனத்த உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கிறது. அளவோடு எடுத்தால் இனிய நீர். பேராசையோடு இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். பின்னர் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இந்தத் தட்டுப்பாட்டைப் போக்கவே, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை அமைத்தது.

அந்தக் கிணற்றடியில் என் நோய் எனக்கு விளங்கிற்று. மழைக்கு இடம்விடாமல் பல ஆண்டுகள் இறைத்துக்கொண்டே இருந்தேன். அந்த மூதாட்டி நீர் கேட்டு வந்தபோது என் வாளியில் ஏறியது உப்பு. அன்றிரவு, நெடுநாளுக்குப் பின், விடியும்வரை உறங்கினேன்.

எஞ்சிய இரண்டு நாளும் நான் ஒன்றும் செய்யவில்லை. தென்னை நிழலில் கிடந்தேன். வெதுவெதுப்பான காயலில் கழுத்தளவு நின்றேன். தொலைவில் அலைகள் உடையும் ஓசையைக் கேட்டேன். என்னுடைய அமைதிக்காக அந்தப் பவளமதில் இரவும் பகலும் அடி வாங்குகிறது என்பதை மறக்கக் கூடவில்லை. புறப்படும்போது நினைவுக்காகச் சிறு பவளத்துண்டு ஒன்றை எடுத்தேன். காக்கா என் முகத்தைப் பார்த்தார். அவர் ஏதும் சொல்லவில்லை; நானே அதைத் திரும்ப நீரில் இட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள், சான்றிதழை எழுதிக் கையிலெடுத்துக்கொண்டு அந்த மூதாட்டியின் வீட்டுக்கு நடந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர், "சாமி, முகம் தெளிஞ்சிருக்கே! முதல்ல உக்காருங்க, கொஞ்சம் தண்ணி குடியுங்க" என்று செம்பை நீட்டினார். வாங்கிப் பருகினேன். அந்நீர் இனித்தது.