பிள்ளையின் நாவில் தாயின் துயரம்

1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னும், யுத்தம் நீண்ட காலமெல்லாமும், அது 2009இல் முடிந்த பின்னும் ஈழத்தைவிட்டுக் கனடாவுக்கு வந்து, டொரொன்டோவின் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவில் குடியமர்ந்த குடும்பங்களோடு ஆலோசகராகப் பழகிவரும் எனக்கு, இத்தொழிலின் முதல் தர்மமாகத் தோன்றுவது, பெற்றோரின் துக்கத்தைப் பிள்ளையின் வாயால் கேட்கலாகாது என்பதே.

பள்ளிக்கூடத்துக் கடிதத்தையும் வாடகைப் பத்திரத்தையும் வைத்தியர் சொல்வதையும் தாய்க்கு எடுத்துரைத்தே பழகிவிட்ட சிறுமி, தமிழறிந்த என்னிடத்திலும் தாயை முந்திக்கொண்டு தானே பேசத் தொடங்குவாள். அவள் முன்னிலையில் தாய் கூறுவதோ தலையிடி, உடம்பு உளைவு, நித்திரையின்மை என்ற மட்டோடு நின்றுவிடும். அவை பொய்யல்ல, யுத்தத்தில் நொந்த மனம் தேகத்தின் வழியே முறையிடுவதை யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆயினும் அந்த நோவுக்குப் பின்னாலுள்ள சரித்திரத்தைப் பிள்ளை கேட்க எந்தத் தாய்தான் உரைப்பாள்?

ஆகவே பெரியவர்களைத் தனித்தனியே சந்திக்கிறேன். ஒரே கோயிலுக்கும் ஒரே கடைக்கும் போய்வரும் சமூகத்தில் அந்தரங்கம் காக்கப்படுமா என்ற அச்சம் நியாயமானதாகையால், பேசியது வெளியே போகாதென்று உறுதி கூறுவதோடு, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தீங்கு நேர்வதாகச் சந்தேகம் எழுந்தால் அதை அறிவிக்க ஒன்டாரியோச் சட்டம் என்னைக் கட்டாயப்படுத்துகிறது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு தெரியவந்தால் நம்பிக்கை முறிந்துபோகும்.

அந்த நம்பிக்கை வேரூன்றிய பிறகுதான் காணாமற்போன தன் தம்பியைப் பற்றித் தாய் பேசத் தொடங்குவாள். மரணம் நிச்சயமாயிருந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து துக்கத்துக்கு ஓர் எல்லை வகுக்கலாம். உயிரோடிருக்கிறானா என்றே அறியாதவள் எதைச் செய்வாள்? பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து விளக்கிய இத்தகைய நிச்சயமற்ற இழப்பில், மறந்துவிடு என்று உபதேசிப்பது கொடுமை. நம்பிக்கையும் துயரமும் ஒரே நெஞ்சில் சேர்ந்திருக்க இடங்கொடுத்து, அவளோடு பொறுமையாக அமர்ந்திருப்பதே ஆலோசகரின் கடமை.

தாய்க்கு வார்த்தை வசப்பட்டதும், மகளின் வயதுக்கு ஏற்ற அளவில் அந்தத் துயரத்தை மகளுக்குத் தாயே சொல்லும்படி தூண்டுகிறேன். அம்மாவின் மௌனத்துக்குத் தான் காரணமோ என்று உள்ளூர அஞ்சியிருந்த பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த சிகிச்சை நான் அறியேன். வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொள்ள வேண்டுமென்று நான் ஓயாமல் வற்புறுத்துவதும் இதற்காகவே: பெற்றோருக்குரிய ஸ்தானத்தைப் பெற்றோரும், பிள்ளைப் பருவத்தைப் பிள்ளையும் இழக்காதிருக்க வேண்டும்.