மூன்று இறக்கைகளின் கணக்கு

கடல் நடுவே மிதக்கும் படகுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வருமா? வரும். படகுக்கு உள்ளே பொருத்தப்பட்ட டீசல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால், பெரும்பாலும் அந்தப் பஞ்சமே காரணம்.

காருக்கு முன்னால் ரேடியேட்டரும் எதிர்க்காற்றும் உண்டு. படகில் காற்றின் வேலையைச் செய்வது கடல்நீர். அடிப்பக்க வால்வு வழியே நுழையும் நீர், வடிகட்டியைக் கடந்து பம்ப்புக்குப் போகிறது. அங்கே ரப்பர் இறக்கைகள் கொண்ட இம்பெல்லர் சுழன்று அதைத் தள்ளுகிறது. வெப்பமாற்றியில் எஞ்சினின் நன்னீரிடமிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து பின்குழாய் வழியே அது கடலுக்கே திரும்புகிறது. 80 டிகிரி நன்னீரை 10 டிகிரிக் கடலால் குளிர்விப்பது எளிது. நம் கடலோ ஏறக்குறைய 30 டிகிரி. வெப்ப வேறுபாடு 70இலிருந்து 50ஆகச் சுருங்கிவிடுகிறது. இயந்திரப் பொறியியல் மாணவனாகிய எனக்கு இவ்வளவும் விரிவுரையில் கிடைத்தது.

மீதியைக் கற்பித்தவர் ஓர் அண்ணன். நாகப்பட்டினத்தில் விசைப்படகில் வேலை பார்த்துவிட்டு, துவாஸ் கப்பல் பட்டறைக்கு வந்தவர். ஞாயிறுதோறும் தேக்காவில் சந்தித்துப் பழகினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் சிலர் வாடகைப் படகில் மீன் பிடிக்கப் போனபோது அவரையும் அழைத்துச் சென்றோம். படகோட்டி வயதான மலாய்க்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. அண்ணனுக்கு மலாய் தெரியாது. இருவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான்.

செயின்ட் ஜான்ஸ் தீவைத் தாண்டியதும் வெப்பமானியின் ஊசி ஏறத் தொடங்கியது. அண்ணன் ஊசியைப் பார்க்கவில்லை. பின்பக்கம் குனிந்து பின்குழாயைப் பார்த்தார். தண்ணீர் கொட்ட வேண்டிய இடத்தில் வெள்ளை ஆவி வந்தது.

"தம்பி, நங்கூரம் போடச் சொல்லுங்க. போட்டதும் எஞ்சினை நிறுத்தணும். தண்ணி இல்லாம ஓடினா பின்குழாய் ரப்பரும் கருகிடும்."

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் படித்தவன் நான். வெப்பம், ஹாபா, ஹீட் என்று ஒரே பொருளுக்கு மூன்று பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அன்றுதான் அவை ஒன்றாக வேலைக்கு வந்தன. சற்றுத் தள்ளிப் பெரிய கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. நங்கூரம் பிடித்ததும் எஞ்சின் நின்றது.

பெரியவர் நன்னீர்த் தொட்டியின் மூடியில் கை வைத்தார். அண்ணன் பதறினார். "ஜாங்கான் பூகா, பாக்சிக்!" என்று கத்தினேன். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துவிடும் என்று விளக்கியதும் அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு கடல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். வடிகட்டி சுத்தமாக இருந்தது. குழாயைக் கழற்றி வால்வைத் திறந்ததும் நீர் பீறிட்டது. ஆகவே வாயில் அடைப்பில்லை. எஞ்சியது பம்ப். மூடியைக் கழற்றினால், இம்பெல்லரின் ஆறு இறக்கைகளில் மூன்று இல்லை. மற்றவை நகத்தால் அழுத்தினாலும் அமுங்காத அளவுக்கு இறுகிப்போயிருந்தன.

பெட்டியில் புதியது ஒன்று இருந்தது. பெரியவர் அதை உடனே மாட்டச் சொன்னார். அண்ணன் மறுத்தார். "மூணு துண்டும் எங்கேன்னு கணக்கு வரணும் தம்பி. இல்லேன்னா இன்னிக்கு ஓடும், நாளைக்கு நடுக்கடல்ல நிக்கும்."

பெரியவருக்குக் கோபம். நீரோட்டம் மாறிக்கொண்டிருந்தது, மேகமும் கறுத்தது. அந்த வாக்கியத்தை மலாயில் சொல்வதுதான் அன்று எனக்கு மிகக் கடினமான வேலை. உடைந்த துண்டு நீரோடு போய் வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களை அடைக்கும், மறுபடியும் சூடேறும் என்று காரணத்தை வரிசையாகச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தாமே திருப்புளியை எடுத்து வந்தார். பம்ப்பை அடுத்த குழாயில் இரண்டு துண்டுகள் கிடைத்தன. மூன்றாவது வெப்பமாற்றியின் வாயிலில் சிக்கியிருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவிப் புதிய இம்பெல்லரை உள்ளே தள்ளினார்கள். எஞ்சின் ஓடியதும் இருவரும் ஒரே நேரத்தில் பின்பக்கம் குனிந்தார்கள். தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டியது.

நண்பர்களே, ஒன்றைக் கவனித்தேன். பம்ப், வால்வு, இம்பெல்லர் ஆகிய சொற்களை நான் மொழிபெயர்க்கவே இல்லை. அவை இருவருக்கும் தெரிந்திருந்தன. மொழி தேவைப்பட்டது 'ஏன்', 'அதனால்', 'அதுவரை', 'இல்லாவிட்டால்' என்பவற்றுக்குத்தான். நாம் கலைச்சொற்களைப் பற்றி நிறைய விவாதிக்கிறோம். அது தேவைதான். ஆனால் ஒரு பொருள் ஏன் பழுதாகிறது, எந்த வரிசையில் தேட வேண்டும் என்று தமிழில் கோவையாகச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகுகளில் உழைத்தவர்களுள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களும் உண்டு. அவர்கள் பெயரில் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. 1983இல் ஆற்றிலிருந்த சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. இந்த நகரின் கடல்வேலையில் தமிழ் பேசிய காலம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். துவாஸ் பட்டறைகளில் அது இன்றும் பேசப்படுகிறது. நம் விரிவுரைக் குறிப்பேட்டோடு ஒரு ஞாயிறு மாலை தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள். படித்ததைத் தமிழில் விளக்குங்கள், அவர்கள் திருத்துவார்கள்.