மூன்றாவது பிஸ்டன்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் எங்களிடம் ஒரு கட்டுரை கேட்டனர். கம்பனையும் இளங்கோவையும் பற்றி எழுதத் தகுதி வாய்ந்த பெருமக்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. எங்கள் கைகளோ ஏட்டைவிட எண்ணெயில் மிகுதியாக ஊறியவை. எனவே, நாற்பது ஆண்டுகளுக்கு முன் புனே நகரில் நாங்கள் ஓர் எஞ்சினைக் கட்டிய கதையை, கட்டியதைவிடக் கெடுத்த கதையை, எழுதத் துணிந்தோம்.

அப்பொழுது நாங்கள் நால்வர். பிம்பிரி, சிஞ்ச்வட் ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டு, கிர்க்கியில் ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போசரியில் ஒரு மராட்டியப் பெரியவரின் லேத் பட்டறையில் பொழுது கழியும். அவரைக் காகா என்றே அழைப்போம். எங்களில் ஒருவருடைய தந்தையார் இரயில்வேயில் ஓய்வு பெற்றவர்; அவரிடம் ஒரு பிரிமியர் பத்மினி கார் இருந்தது. மகள் திருமணத்துக்கு முன் அதை விற்றுவிடுவதென்பது அவர் எண்ணம். புதிய வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பழைய வண்டிக்கும் நல்ல விலை கிடைக்கும். "கொஞ்ச நாள் எங்களிடம் இருக்கட்டும், செப்பனிட்டுத் தருகிறோம்" என்று மகன் கேட்க, அவரும் நம்பிக் கொடுத்தார். செப்பனிடுவது என்ற சொல்லுக்குள் நாங்கள் எதை ஒளித்து வைத்திருந்தோம் என்பது அவருக்குத் தெரியாது.

1983 அக்டோபரில் பிரேசில் நாட்டு நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பந்தயத்தில் உலக வாகையர் ஆனார். டர்போ பொருத்திய எஞ்சினைக் கொண்டு அப்பட்டத்தை வென்றவர்களில் அவரே முதல்வர். அவருடைய பிரபாம் வண்டியில் இருந்தது பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 1499 கன சென்டிமீட்டர் எஞ்சின். நான்கே சிலிண்டர்கள். பந்தயத்தில் அது 600 குதிரைத்திறனுக்கு மேல் தந்தது. எங்களை உறங்கவிடாமல் செய்தது வேறொரு செய்தி. அதன் பிளாக், 1962 முதல் அந்நிறுவனத்தின் சாலைக் கார்களில் ஓடிய எஞ்சினிலிருந்து எடுத்த சாதாரண வார்ப்பிரும்புப் பிளாக்! பத்மினியின் எஞ்சினும் நான்கு சிலிண்டர்தானே, அதுவும் வார்ப்பிரும்புதானே என்று நள்ளிரவில் தேநீர் குடித்துக்கொண்டே பேசினோம். 1089 கன சென்டிமீட்டர். சுமார் 40 குதிரைத்திறன். அதை இருமடங்காக்கி, பிப்ரவரி வாக்கில் சென்னைக்கு அருகே சோழவரத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் ஓட்டிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. எங்களுக்கு வயது இருபத்தெட்டைத் தாண்டவில்லை.

டர்போ என்பது தத்துவத்தில் எளிது. எஞ்சின் கழித்துத் தள்ளும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுவது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவது. உள்ளே காற்று மிகுந்தால் மிகுதியான பெட்ரோலை எரிக்கலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இலேயே இதற்கு உரிமம் பெற்றார். வீணாகப் போவதைக் கொண்டு வேலை வாங்கும் இந்த ஏற்பாடு எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஆயினும் காற்று அழுத்தப்படும்போது சூடேறுகிறது. 30 பாகை வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் அது 85 பாகையைத் தாண்டிவிடும். சூடேறிய காற்று விரிவதால், ஒன்றரை மடங்கு கிடைக்கும் என்று எண்ணிய இடத்தில் ஒன்றேகால் மடங்குதான் கிடைக்கும். அதைவிடப் பெருந்தொல்லை ஒன்றுண்டு. சூடான கலவை தீப்பொறி பரவும்வரை பொறுக்காமல் தானாகவே ஆங்காங்கே வெடிக்கத் தொடங்கும். பட்டறைகளில் இதை நாக்கிங் என்பார்கள். சுத்தியலால் பிஸ்டன் தலையில் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். உண்மையில் நடப்பதும் ஏறத்தாழ அதுவே. இதைத் தவிர்க்க, அழுத்திய காற்றைக் குளிர்விக்க வேண்டும். எஞ்சினின் அழுத்த விகிதத்தையும் குறைக்க வேண்டும். குளிர்விப்பானுக்கு எங்களிடம் பணமில்லை. விகிதத்தைக் குறைக்கப் பிஸ்டன்களின் மேற்புறத்தை 2 மில்லிமீட்டர் கடைந்தெடுப்பதென்று நால்வரும் கூடி முடிவு செய்தோம்.

பம்பாய் குர்லாவின் பழைய இரும்புக் கடைகளில் மூன்று ஞாயிறுகள் அலைந்து, ஏதோ ஒரு டீசல் எஞ்சினிலிருந்து கழற்றிய டர்போவை வாங்கினோம். பத்மினிக்கு அது பெரிது. தம்பி காலில் அண்ணன் செருப்பு. மிதியை அழுத்தினால் ஒன்றும் நிகழாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்தபின் வண்டி திடீரென முதுகில் உதைக்கும். அந்த உதையில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறுப்பதற்கில்லை.

இனி எடைக்கு வருவோம். பந்தய எஞ்சின் என்றால் இலேசாக இருக்க வேண்டும் என்று படித்திருந்தோம். ஃப்ளைவீலைக் கடைந்தோம். கனெக்டிங் ராடுகளைத் தேய்த்து மெருகிட்டு, நான்கையும் ஒரே எடைக்குக் கொணர்ந்தோம். பத்மினி எஞ்சினில் பிஸ்டன் 75 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது, உச்சியில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில், பிஸ்டனின் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய இரண்டு கிலோ எடையாகி ராடை இழுக்கும். இக்கணக்கை ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் போட்டுப் பார்த்தோம். போட்டபின் கை சும்மா இருக்குமா? பத்து கிராம் குறைத்தால் இருபது கிலோ மிச்சம்!

எங்கள் பிழை அங்கேதான் இருந்தது. ஓர் எஞ்சினின் திறனைக் கூட்ட இரு வழிகள் உண்டு. உறுப்புகளை இலேசாக்கி வேகமாகச் சுழல விடுவது ஒரு வழி. ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியான காற்றைத் திணித்து, சுற்றைக் கூட்டாமலே வலிமை பெறுவது மற்றொன்று. முதல் வழியில் பிஸ்டனின் எதிரி அதன் சொந்த எடை. இரண்டாம் வழியில் எதிரி வெப்பம். எடையை வெல்ல உலோகத்தைக் குறைக்க வேண்டும். வெப்பத்தை வெல்லவோ உலோகம் வேண்டும். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். உருகுவதற்கு வெகு முன்னரே வலுவிழந்துவிடும். அதைவிடப் பன்மடங்கு சூடான தீயின் முன் பிஸ்டன் தாங்கி நிற்பது, வாங்கிய சூட்டைத் தன் உடல் வழியாக வளையங்களுக்கும் சுவருக்கும் எண்ணெய்க்கும் கடத்திவிடுவதால்தான். கடத்துவதற்கு உடல் இருக்க வேண்டுமே! நாங்கள் இரு வழியிலும் ஒரே நேரத்தில் நடக்க முயன்றோம்.

1985 சனவரியில் ஒரு விடியற்காலை கண்டாலாவிலிருந்து மலை இறங்கிக் கோபோலி சென்று, அங்கிருந்து காட் சாலையில் ஏறினோம். சமவெளியில் பத்து வினாடி, இருபது வினாடி என்றே அதுவரை சோதித்திருந்தோம். மலையேற்றத்தில் மிதியை விட இடமில்லை. டர்போ தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தது. சைலன்சரையும் எடை கருதிக் கழற்றியிருந்தமையால், தட்டல் ஒலி எழுந்திருந்தாலும் எங்கள் செவிக்கு எட்டியிராது. சரக்கு லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தபோது பின்னிருக்கையில் இருந்தவர் கைதட்டினார். அடுத்த வளைவில் வண்டி இருமியது. கண்ணாடியில் நீலப்புகை, பிறகு சாலையே தெரியவில்லை. ஆறு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியும், ஒரு பெண்ணின் திருமணப் பணமும் ஓரமாக நின்று புகைந்துகொண்டிருந்தன.

ஒரு லாரி இழுத்து வந்தது. இரவில் ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது பிஸ்டனின் நடுவில் எட்டணாக் காசு அளவுக்கு ஓட்டை. விளிம்பெல்லாம் மெழுகு போல் உருகி வழிந்திருந்தது. காகா அதைக் கையில் வாங்கித் திருப்பினார். அடிப்புறத்தில் புதிய கடைசல் கோடுகள். அளந்தார். ஏழு மில்லிமீட்டர் இருந்த தலைப்பகுதியில் மிஞ்சியது மூன்று. மேலே இரண்டு எடுத்ததை அவரும் அறிவார். அவர் லேத்தில்தான் எடுத்தோம். அடியில் இரண்டு எடுத்தது யார்? அவர் எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். "கேட்கட்டுமா, வேண்டாமா?" என்று மராட்டியில் வினவினார்.

வண்டிக்குரிய நண்பர்தாம் முதலில் பேசினார். "வேண்டாம் காகா. நாங்கள் எடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நால்வரும் சம்பளத்தைச் சேர்த்துக் கடனும் வாங்கினோம். சிலிண்டர்களை மறுபடி கடைந்து, அளவுக்கேற்ற புதிய பிஸ்டன்களை மாற்றி, டர்போவை அகற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். காகா கூலி வாங்க மறுத்துவிட்டார். பந்தயம் எங்களில்லாமல் நடந்தது. ஏப்ரலில் வண்டி நல்ல விலைக்கு விற்றது. "என்னப்பா, புது வண்டி மாதிரி வைத்திருக்கிறீர்களே!" என்று தந்தையார் எங்கள் தோளைத் தட்டினார். திருமணப் பந்தியில் பாயசம் எங்களுக்கு இறங்கவில்லை.

பி.எம்.டபிள்யூ. எஞ்சினின் கதையைப் பின்னாளில் முழுமையாகப் படித்தோம். அதை உருவாக்கிய பால் ரோஷே, நெடுந்தொலைவு ஓடிப் பழகி, வார்ப்பின் உள்ளிறுக்கம் தளர்ந்த பழைய பிளாக்குகளைத் தேடி எடுத்தாராம். தேவையற்ற புறப்பகுதிகளைச் சீவி எடை குறைத்தார். தீயைத் தாங்கும் இடத்தில் கைவைக்கவில்லை. ரெனோ நிறுவனத்தாரின் கதையும் எங்களுக்கு ஆறுதல் தந்தது. 1977இல் சில்வர்ஸ்டோனில் முதன்முதல் டர்போ வண்டியைக் களமிறக்கி, புகை கக்கி நின்றமையால் "மஞ்சள் தேநீர்க் கெண்டி" என்று ஏளனம் பெற்றவர்கள் அவர்கள். ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரு சிறியவற்றைப் பொருத்தி 1979இல் டிஜோனில் வென்றார்கள். அவர்களுக்கு இரண்டாண்டு கிடைத்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பத்மினி, அதுவும் எங்களுடையதன்று.

அந்தப் பிஸ்டன் ஆண்டுக்கு ஒரு வீடாக எங்களிடையே சுற்றி வருகிறது. இப்பொழுது நாங்கள் மூவரே இருக்கிறோம். வண்டிக்குரிய நண்பர் மறைந்தபின் அவர் மகன், அவனும் எஞ்சின் பொறியாளன்தான், இவ்வாண்டு தங்கள் முறை என்று அதை வாங்கிச் செல்ல வந்திருந்தான். திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் அடிப்புறக் கோடுகளைத் தடவினான்.

"மாமா, அடியிலும் கடைந்திருக்கிறதே. இதை யார் செய்தது?"

"நாங்கள்தாம்" என்றோம்.